அவரு வரட்டும்

ஜூலை 18, வியாழன்

டாக்டரம்மா எழுதச் சொன்னார். "அம்மாவுக்கு எப்போ கோபம் வருது, அதுக்கு முன்னாடி என்ன நடந்துச்சு, எல்லாத்தையும் எழுதி வைங்க. எழுத எழுத உங்களுக்கே புரியும்" என்றார். காலமெல்லாம் பஸ் டிப்போவில் இன்ஜின் பிரித்தவன் நான். எழுதிப் பார்த்தா பழுது கண்டுபிடித்தேன் என்று வாய் வரை வந்தது. அடக்கிக்கொண்டேன். டிப்போவில் என் சட்டம் ஒன்றுதான்: டிரைவர் சொல்வதை முழுசாகக் கேட்காமல் பானெட்டைத் திறக்கக் கூடாது. இங்கே டிரைவர் சொல்வது எனக்குப் பாதி புரிவதில்லை.

என் பெண்டாட்டி ராஜாமணி இன்று அமைதியாகக் குளித்தாள். குளிப்பாட்டியது வளர்மதி. காலையில் மட்டும் வந்து போகிற பெண். கெட்டிக்காரி. நைட்டியைக் கழற்றாமலே காலில் முதல் சொம்பை ஊற்றுகிறாள், "இப்ப முட்டிக்கு ஊத்தறேன்மா" என்று ஒவ்வொன்றையும் சொல்லிவிட்டுத்தான் செய்கிறாள். ராஜாமணியும் குழந்தை மாதிரி உட்கார்ந்திருக்கிறாள்.

மே மாதம் ராஜாமணி என் ஷேவிங் பிளேடை எடுத்து விரலை அறுத்துக்கொண்டாள். அன்றைக்கே ரேசர், அரிவாள்மணை எல்லாம் பரணில் ஏறின. சுவரில் தட்டித் தட்டி உடைத்தாள் என்று கண்ணாடி வளையல்களையும் கழற்றியாயிற்று. வளர்மதி இருக்கும் நேரம் காய்கறிக்கும் மருந்துக்கும் ஓடவே சரியாக இருக்கிறது, சலூனுக்கு எங்கே போவது? தாடி காடாக மண்டிக் கிடக்கிறது. மகள் எழில் பெங்களூரிலிருந்து வீடியோவில் பார்த்துவிட்டு, "என்னப்பா இது, சாமியார் மாதிரி" என்று சிரிக்கிறாள். கறுப்புச் சட்டை போட்டுக் கல்யாணம் கட்டினவனைப் பார்த்துச் சாமியாராம். ஒரு வசதி, ஆறு வயதில் பெரியம்மை வந்து முகமெல்லாம் விட்டுப்போன குழிகள் தாடிக்குள் மறைந்துவிட்டன.

ஜூன் நடுவிலிருந்து ராஜாமணி என்னை "அண்ணா" என்கிறாள். நாற்பத்தாறு வருடம் குடும்பம் நடத்திய பெண்டாட்டி. டாக்டரம்மா இதையும் எழுதச் சொல்வார். எழுதிவிட்டேன்.

ஜூலை 19, வெள்ளி

ஆடி முதல் வெள்ளி. காலையிலேயே கோயில் கமிட்டிப் பையன்கள் வேப்பிலைத் தோரணத்தோடு வந்துவிட்டார்கள். எதிர்வீட்டுத் தனபாக்கியத்தின் மகன்தான் தலைவன்.

"என் கேட்டுல வேண்டாம்ப்பா."

"தெருவுக்கே கட்டறோமுங்க. உங்க கேட்டை மட்டும் விட்டா முன்பல்லு போன மாதிரி இருக்குமுங்க."

மற்ற வருடமென்றால் அரை மணி நேரம் வகுப்பு எடுத்திருப்பேன். ராஜாமணி வாசல்படிக்கு வந்து நின்றதால் விட்டுவிட்டேன். அவள் கேட்டையே பார்த்தாள். பிறகு தன் கையைப் பார்த்தாள். கரண்ட் போய்ப் போய் வந்த புழுக்கத்தில் முழங்கைக்கு மேல் வேர்க்குரு கொப்பளித்துக் கிடக்கிறது.

வளர்மதி தண்ணீர் விளாவி வைத்துக் கூப்பிட்டாள். ராஜாமணி வரவில்லை. பாயை விரித்துச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள்.

ஜூலை 20, சனி

இன்றும் குளிக்கவில்லை.

ஜூலை 22, திங்கள்

வளர்மதி இன்று விடுவதில்லை என்றுதான் வந்தாள். பிடித்த பாட்டு போட்டாள். முறுக்கு காட்டினாள். குளியலறைக் கதவு வரை கூட்டியும் போய்விட்டாள். தண்ணீர் வாளியைப் பார்த்ததும் ராஜாமணி கதவுக்கும் சுவருக்கும் நடுவே ஒடுங்கிக்கொண்டாள்.

"தண்ணி படக் கூடாது! இன்னும் நாள் ஆவல! தொடாத, உனக்குக் கொழந்த இருக்குது."

வளர்மதிக்குக் குழந்தை இருந்தால் இவளுக்கு என்ன?

"சரிம்மா, தொடல. வேற யாரு ஊத்தட்டும்? சொல்லுங்க" என்றாள் வளர்மதி.

"எங்க வீட்டுக்காரரு. அவரு வரட்டும். அவருக்கு மட்டுந்தான் ஒண்ணும் ஆவாது."

வளர்மதி என்னைக் காட்டினாள். "இதா நிக்கறாரே."

ராஜாமணி என்னை உச்சியிலிருந்து பாதம் வரை பார்த்தாள். "இவரு பாவம், வேற ஆரோ. இவரைத் தூரப் போகச் சொல்லு."

போனேன். கொல்லையில் நின்று ஒரு பீடி பிடித்தேன். விட்டுப் பல வருடம் ஆகிறது. வளர்மதியின் புருசன் சட்டைப்பையிலிருந்து அவள் பிடுங்கி வந்து இங்கே ஒளித்து வைத்த கட்டு அது. திரும்பி உள்ளே போனபோது ராஜாமணி அவள் காதில் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் நிறுத்திவிட்டாள். வளர்மதி முகம் ஒரு மாதிரி ஆனது. வழக்கத்துக்கு முன்பே கிளம்பிவிட்டாள்.

ஜூலை 24, புதன்

வளர்மதி நேற்றும் வரவில்லை, இன்றும் வரவில்லை. பாப்பாவுக்கு உடம்பு சரியில்லையாம்.

வீட்டுக்குள் நுழைந்தாலே வாடை அடிக்கிறது. ஊதுவத்தி ஏற்றாத வீட்டில் ஊதுவத்தி வாங்கி ஏற்றினேன். பொறுத்துப் பொறுத்துப் பார்த்தேன். கடைசியில் நானே குளிப்பாட்டினேன்.

கையைப் பிடித்துக் கூட்டிப் போனேன். ஸ்டூலில் உட்கார வைத்தேன். ஒரே ஒரு சொம்பு தலையில் ஊற்றினேன். அவள் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு நாய் குரைத்தது. "வேண்டாங்கண்ணா, உங்களுக்கும் வந்துரும்! உங்க பொண்டாட்டி புள்ளைங்களுக்கும் வந்துரும்!" என்று கத்திக்கொண்டே என் கன்னத்தைப் பிறாண்டினாள். என்ன வந்துவிடும்? பைத்தியமா? ஆமாம், எனக்குத்தான் பிடித்துவிடும் போலிருக்கிறது.

நனைந்த நைட்டியோடு கூடத்தில் உட்கார்ந்து வாசலையே காட்டிக்கொண்டிருந்தாள். வாசலில் என்ன இருக்கிறது? காய்ந்துபோன வேப்பிலை. வந்த ஆத்திரத்தில் போய் அதைப் பிய்த்துச் சாக்கடையில் எறிந்தேன். பார்த்துக்கொண்டிருந்தவள் "ஐயோ, தப்பு தப்பு" என்று தன் வாயிலேயே அடித்துக்கொண்டாள். அடித்த கையைப் பிடித்து நிறுத்தப் பெரும்பாடு பட்டேன்.

அவள் மணிக்கட்டில் வரி வரியாகக் கன்றியிருக்கிறது. வளையல் அழுத்தியிருக்கும்.

ஜூலை 25, வியாழன்

சாதம் அடிப்பிடித்தது. அதையே சாப்பிட்டோம். அவள் தட்டைத் தூக்கிக்கொண்டு கூடத்தின் அந்தக் கோடியில் போய் உட்கார்ந்தாள். நான் ஓரடி நகர்ந்தால் அவளும் ஓரடி நகர்கிறாள்.

ஜூலை 27, சனி

டாக்டரம்மா வீட்டுக்கே வந்தார். இவரையும் பக்கத்தில் விடமாட்டாள் என்று நினைத்தேன். "நீங்க டாக்டருங்களா? உங்களுக்கு ஊசி போட்டிருப்பாங்கல்ல?" என்று கேட்டாள். "போட்டிருக்காங்கம்மா" என்று அவர் ஒரு பேச்சுக்குச் சொன்னதும் கையை நீட்டிவிட்டாள். என்ன கணக்கோ.

மார்புக்கடியில் மடிப்பில் தோல் உரிந்து நீர் வடிகிறது. வாடைக்குக் காரணம் அதுதான். டாக்டரம்மா என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டுப் பேசினார்.

"சர்க்கரை இருக்கற உடம்புங்க. தினமும் கழுவித் தொடச்சுக் காயவைக்கணும். இல்லேன்னா புண்ணு ஆழமாப் போயிரும், காய்ச்சல் வந்தா அட்மிட் பண்ணித்தான் ஆகணும்."

"ஆஸ்பத்திரியில மட்டும் குளிப்பாளுங்களா?"

"கையைக் கட்டிப்போட்டுத்தான் டிரெஸ்ஸிங் பண்ணுவாங்க. வேற வழியில்ல."

கிளம்பும்போது அவள் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தார். "இது என்னங்க?"

"கதவுல இடிச்சுக்கிட்டா."

டாக்டரம்மா என் முகத்தைப் பார்த்தார். "தனியாவே எல்லாத்தையும் இழுக்காதீங்க, ஐயா" என்று மட்டும் சொன்னார். ஈரத்துணியால் துடைத்துப் பார்க்கச் சொல்லி ஒரு பவுடர் எழுதிக்கொடுத்தார். துணியோடு நான் கிட்டப் போனதும் ராஜாமணி பின்னாலேயே நகர்ந்து பீரோவில் முட்டிக்கொண்டாள். துணியைக் கீழே போட்டுவிட்டு வந்துவிட்டேன்.

ஜூலை 29, திங்கள்

எழில் பேசினாள். டாக்டரம்மா அவளுக்கும் சொல்லியிருக்கிறார்.

"கோயம்புத்தூர்ல ஒரு காப்பகம் பார்த்திருக்கேன்பா. நல்ல இடம். ஞாயித்துக்கிழமை கார்ல வர்றேன், அம்மாவைக் கூட்டிட்டுப் போயிரலாம்."

"உங்கம்மா என்ன பழைய வண்டியா, யார்டுல கொண்டுபோய் நிறுத்த?"

"கோபப்படாதீங்கப்பா. அம்மாவுக்கு நீங்க யாருன்னே தெரியல. தெரியாத ஆம்பள வந்து குளிப்பாட்டறேன்னு கையைப் பிடிச்சா அவங்களுக்கு எப்படி இருக்கும்?"

அவள் சொன்னது நியாயம் என்பதால்தான் அவ்வளவு கோபம் வந்தது.

கடைசியில் இறங்கிவந்தாள். "நான் வர்றப்போ அம்மா சுத்தமா, புண்ணு ஆற ஆரம்பிச்சு இருந்தாங்கன்னா பேசலாம். இல்லேன்னா நீங்க தடுக்கக் கூடாது."

சரி என்றேன். பெட்டியை இப்போதே எடுத்து வை என்று யாரோ என் தலைக்குள் சொல்கிறார்கள். அவள் இல்லாத இந்த வீட்டில் நான் யாரோடு சண்டை போடுவது?

ஜூலை 31, புதன்

இன்று நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

தனபாக்கியம் கூழ்ச் சொம்போடு கேட்டைத் திறந்தது. நான் கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். ராஜாமணி ஜன்னலில் நின்றவள் பெருங்குரலில் கத்தினாள்.

"உள்ள வராத தனபாக்கியம்! ஆத்தா வந்திருக்கா! எனக்கு அம்மை போட்டிருக்குது!"

தனபாக்கியம் அப்படியே நின்றுவிட்டது. கேட்டைப் பார்த்தது, பிறகு என்னைப் பார்த்தது.

"அப்ப நெசந்தானுங்களாண்ணா? வளர்மதி சொன்னப்ப நான் நம்பலீங்க. வேப்பிலைய வேற பிச்சு எறிஞ்சுட்டீங்களாமே. வூட்டுல ஆத்தா இருக்கறப்ப அப்படிச் செய்யலாமுங்களா?"

"அது வேர்க்குரு, தனபாக்கியம். வெறும் வேர்க்குரு!"

"நீங்க அப்படித்தானுங்க சொல்லுவீங்க" என்று சொம்பை மதில்மேல் வைத்துவிட்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டு போய்விட்டது.

கூழை எடுத்துக்கொண்டு உள்ளே வந்து உட்கார்ந்தேன். வாசலில் வேப்பிலை கட்டினால் அந்த வீட்டில் அம்மை என்று அர்த்தம். இந்த ஊரில் பால்குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். எனக்குத் தெரியாததா? ஆனால் நான் தெருப்பையன்களோடு சண்டை போடுவதிலேயே குறியாக இருந்துவிட்டேன். அவள் வேப்பிலையைப் பார்த்தாள், கையில் கொப்புளத்தைப் பார்த்தாள், முடிவுக்கு வந்துவிட்டாள். அம்மை போட்ட உடம்பில் நாள் வராமல் தண்ணீர் படக் கூடாது. யாரும் தொடக் கூடாது, குழந்தை உள்ளவள் தொடவே கூடாது; வளர்மதி வராமல் நின்றதும் அதனால்தான். அதன் பேரையும் சட்டென்று சொல்ல மாட்டார்கள்.

அவள் கத்தியது கிறுக்குத்தனமில்லை. அத்தனைக்கும் காரணம் இருந்தது. பழுது என்ன என்று டிரைவர் முதல் நாளிலிருந்து சொல்லிக்கொண்டுதான் இருந்தாள். நான்தான் ஸ்பேனரோடு பானெட்டில் ஏறிவிட்டேன்.

ஆகஸ்ட் 1, வியாழன்

முதலில் என் புத்திப்படி போனேன். "இது அம்மை இல்ல ராஜாமணி, வேர்க்குரு. அம்மைங்கறது ஒரு கிருமி" என்று ஆரம்பித்தேன். முழுசாகக் கேட்டாள். "மெதுவாப் பேசுங்கண்ணா, ஆத்தா காதுல விழுந்துரும்" என்றாள். சரிதான்.

பிறகு தனபாக்கியம் வீட்டு வாசலில் போய் நின்று, "கொஞ்சம் வேப்பிலை வேணும்" என்று கேட்டேன். எழுபத்து மூன்று வயதில் முதல்தடவை. அது சிரிக்கவில்லை, கொஞ்சம் அழுதது. மஞ்சளும் சேர்த்துக் கொடுத்தது. "பித்தள அண்டாவுல தண்ணிய வெயில்ல வெச்சு, அந்தச் சூட்டுலதான் ஊத்தோணுமுங்க. அடுப்புல வெக்கக் கூடாது."

கேட்டில் ஒரு கொத்து கட்டினேன். கொல்லையில் அண்டாவை வைத்தேன். ராஜாமணி வந்து பார்த்தாள். இத்தனை நாளில் முதல்தடவையாக முகம் தெளிந்தது. தண்ணீரில் விரலை விட்டுப் பார்த்தாள்.

"சூடு ஏறலீங்க. நாளைக்கு வெள்ளிக்கெழமை. நாளைக்கு மொதத் தண்ணி ஊத்திரலாம்."

எனக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும் போலிருந்தது. "நானே ஊத்தறேன்" என்றேன்.

அவள் இரண்டடி பின்வாங்கினாள். "நீங்க வேண்டாங்கண்ணா. அவரு வரட்டும்."

"அவரு வரலேன்னா?"

"வருவாரு. டூட்டி முடிஞ்சு வருவாரு. அவரு தொட்டா ஒண்ணும் ஆவாது."

அப்படியே இடிந்துபோய் உட்கார்ந்துவிட்டேன். வீட்டுக்காரன் நான்தான், இதோ முன்னால் உட்கார்ந்திருக்கிறேன், எனக்கு அனுமதி இல்லை. சாயங்காலம் எழில் பேசியபோது எல்லாவற்றையும் கொட்டினேன். அவள் சிரிப்பாள் என்று பார்த்தால் சிரிக்கவில்லை.

"அப்பா, எனக்குச் சின்ன வயசுல அம்மை போட்டப்போ அம்மா யாரையுமே உள்ள விடல, ஞாபகம் இருக்கா? அவங்களைப் பெத்த அம்மாயியவே வாசலோட அனுப்பிட்டாங்க. நீங்க மட்டும் டிப்போவுல இருந்து வந்து எம் பக்கத்துலயே படுத்துக்குவீங்க."

"ஆமா."

"ஏன்னு கேட்டேன். 'உங்கப்பாவுக்கு ஏற்கெனவே வந்து போயிருச்சு கண்ணு, மூஞ்சியப் பாரு, அவருக்கு மறுபடி வராது'ன்னாங்க. நான் உங்க கன்னத்துக் குழியில எல்லாம் விரல விட்டு எண்ணிட்டே தூங்குவேன்."

போனை வைத்த பிறகும் கை தாடியிலேயே இருந்தது.

இந்த முகத்தை எனக்குப் பிடிக்காது. பெண் பார்க்கப் போனபோது கூட வெளிச்சம் படாத மூலையாகப் பார்த்துத்தான் உட்கார்ந்தேன். எழிலுக்கு அம்மை வந்த அந்தச் சில நாளில்தான் இந்தக் குழிகளால் ஒருவருக்கு உபயோகம் இருந்தது. ராஜாமணி அதையா இத்தனை வருடம் பத்திரமாக வைத்திருந்தாள்?

ஆகஸ்ட் 2, வெள்ளி

ராஜாமணி எழுவதற்கு முன்பே பரணில் ஏறி ரேசரை இறக்கினேன். முதலில் கத்தரிக்கோல், பிறகு பிளேடு. கண்ணாடியில் பழைய ஆள் கொஞ்சம் கொஞ்சமாக வந்து நின்றான், குழி குழியாக. இரண்டு இடத்தில் வெட்டு. பிளேடை மறுபடி பரணுக்கே அனுப்பினேன். டிப்போ காக்கிச் சட்டை பெட்டியடியில் கிடந்தது. பட்டன் போட முடியவில்லை, தொப்பை. திறந்தபடியே போட்டுக்கொண்டேன்.

அண்டாத் தண்ணீர் உச்சி வெயிலில் வெதுவெதுப்பாகிவிட்டது. ராஜாமணி கொல்லைப்படியில் உட்கார்ந்திருந்தாள். நான் கிணற்றுப் பக்கமாகச் சுற்றி, வெளியிலிருந்து வருகிறவன் மாதிரி வந்தேன். நெஞ்சு அடித்துக்கொண்டது. எழுத வெட்கமாக இருக்கிறது, பெண் பார்க்கப் போன அன்றைக்குக்கூட இப்படி அடிக்கவில்லை.

அவள் தலைநிமிர்ந்து பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். நான் கிட்டப் போகவில்லை. வளர்மதி மாதிரி கீழே குந்தி உட்கார்ந்து, முகத்தை மட்டும் நீட்டினேன்.

"தொட்டுப் பாரு ராஜாமணி. எனக்கு ஏற்கெனவே வந்து போயிருச்சு."

விரல் வந்தது. வலது கன்னம், மூக்கோரம், தாடை. குருடர் படிப்பது போல மெதுவாகத் தடவினாள்.

"ஏனுங்க" என்றாள். "இத்தன நேரமா டூட்டி?"

"ஆமா. வண்டி பிரேக்டவுன்."

பெரியம்மை வந்தவனுக்குச் சின்னம்மை வராது என்று எந்த டாக்டரும் சொல்லமாட்டார். அது வேறு, இது வேறு. எழிலைக் கட்டிக்கொண்டு படுத்த நாளிலேயே எனக்கு அது தெரியும். அன்றைக்கும் நான் ராஜாமணியைத் திருத்தவில்லை.

சேரை நிழலில் போட்டேன். நைட்டி நைட்டியாகவே இருக்கட்டும், தோளில் ஒரு துண்டு. "பாதத்துக்கு ஊத்தறேன்" என்று சொன்னேன், ஊற்றினேன். சிலிர்த்தாள், ஆனால் காலை இழுக்கவில்லை. "முட்டிக்கு." "கைக்கு." ஒரு சொம்பை அவள் கையிலேயே கொடுத்தேன். மடியில் தானே ஊற்றிக்கொண்டாள். மார்புக்கடியில் துணி போகும்போதுதான் எனக்குப் பயம். "எரியும், கொஞ்சம் பொறுத்துக்கோ" என்றேன். என் காக்கிச் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டாள், அவ்வளவுதான்.

தலைக்கு மட்டும் நிறுத்தினாள். சொம்பைத் தூக்கிய என் கையைப் பிடித்துக்கொண்டு எதற்கோ காத்திருந்தாள்.

"சொல்லுங்க."

"என்ன?"

"சொல்லாம ஊத்துவாங்களா? சொல்லுங்க."

என்ன சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியும். என் அம்மா எனக்குச் சொல்லித்தான் ஊற்றினாள். அதற்கப்புறம் இந்த நாக்கில் அந்தப் பேர் ஏறியதில்லை. பழைய தோழர்கள் யாராவது மதில்மேல் எட்டிப் பார்க்கிறார்களா என்றுகூட ஒரு நொடி பார்த்தேன். பார்த்தால் பார்க்கட்டும் என்று அடுத்த நொடியே தோன்றியது.

"ஆத்தா மாரியாத்தா, எறங்கிரு தாயே" என்றேன்.

கண்ணை மூடிக்கொண்டாள். நெற்றிக்கு மேல் கையை அணை கொடுத்து, பின்பக்கமாக ஊற்றினேன். வேப்பிலை ஒன்று காதோரம் ஒட்டிக்கொண்டது. சத்தமில்லை, பிறாண்டல் இல்லை. துடைத்து, பவுடர் போட்டு, பருத்திச் சேலை சுற்றிவிட்டேன். மத்தியானம் என் தோளில் சாய்ந்து தூங்கினாள். வேப்பிலை வாசம்.

தூங்குகிறவளின் மணிக்கட்டைப் பார்த்தேன். பச்சையாகி மஞ்சளாகிக்கொண்டிருக்கிறது. நாலு வரி. அவள் கையில் வளையலே இல்லை.

ஆகஸ்ட் 3, சனி

காலையில் மறக்காமல் ஷேவிங்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

எழில் வந்தபோது அண்டாவில் தண்ணீர் காய்ந்துகொண்டிருந்தது. இன்று இரண்டாவது தண்ணி. காரில் காலிப் பெட்டி ஒன்று இருந்ததைப் பார்த்தேன். அவளும் நான் பார்த்ததைப் பார்த்தாள்.

"அம்மா" என்று ஓடிவந்தவளை ராஜாமணி கை நீட்டித் தடுத்தாள். "கிட்ட வராத கண்ணு. அங்கயே நில்லு." எழிலுக்குக் கண் கலங்கிவிட்டது. நான் சைகை காட்டியதும் கொல்லைக் கதவோரம் நின்றுகொண்டாள்.

பாதம், முட்டி, கை. அவளாகவே ஒரு சொம்பு. புண்ணில் நீர் வடிவது நின்று ஓரம் காய ஆரம்பித்திருக்கிறது. எழில் பார்க்கட்டும் என்றே கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பி உட்கார வைத்தேன். தலைக்கு ஊற்றும்போது சொல்ல வேண்டியதைச் சொன்னேன். கதவோரம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. எழில் என் வாயில் அதைக் கேட்டதே இல்லை.

தலை துவட்டும்போது ராஜாமணி திடீரென்று என் கையைப் பிடித்தாள்.

"ஏனுங்க, நீங்க இல்லாதப்ப இங்க ஒரு தாடிக்காரரு இருந்தாருங்க."

துண்டு நின்றது.

"ஆரோ தெரியல. சோறு ஆக்கிப் போட்டாரு. துணி தொவச்சாரு. எம் பக்கத்துலயே வர்றேன் வர்றேன்னாரு. அவருக்கும் பொண்டாட்டி புள்ளைங்க இருக்குமுல்ல, ஒட்டிருச்சுன்னா? அதான் வெரட்டிவெரட்டி உட்டேன். ஒரு நாள் மூஞ்சியப் பிறாண்டிக்கூட உட்டேன்."

கன்னத்தில் காய்ந்த கீறலை மறைக்கத் தாடி இல்லை. அவள் அதைப் பார்க்கவில்லை.

"கைய ரொம்ப இறுக்கிப் பிடிப்பாரு" என்று மணிக்கட்டைத் தடவிக்கொண்டாள். "பாவம், அவருக்கு என்ன பண்றதுன்னு தெரியல. நல்ல மனுசன். அவரைப் பார்த்தீங்கன்னா சொல்லிருங்க. எங்க வீட்டுக்காரரு வந்துட்டாரு, இனி அவரு வீட்டுக்குப் போயிப் படுக்கட்டும்னு."

"சொல்லிடறேன்" என்றேன்.

எழில் வாசலுக்குப் போய், காலிப் பெட்டியை உள்ளேயே விட்டுக் காரைப் பூட்டிவிட்டு வந்தாள்.